வருமுன் காக்கும் கலை: புகையிரதப் பாதை புகட்டும் பாடம்

"விபத்து" என்னும் சொல் காதில் விழுந்தவுடன் நம்மவர்களுட் பலர் "எல்லாம் விதி" என்று கூறிப் பெருமூச்சு விடுவர். துன்பத்தைத் தாங்கிக்கொள்ள அச்சொல் உதவக்கூடும். ஆனால் அடுத்த துன்பத்தைத் தடுக்க அது உதவாது. ஏன் நிகழ்ந்தது, அதற்கு முன்னர் என்ன அறிகுறிகள் தோன்றின, அவற்றை யார் கண்டார், கண்டவர் யாரிடம் சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என்று வினவுபவனே அடுத்த விபத்தைத் தடுக்கின்றான். இவ்வினாக்களை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாது கேட்டு வந்த துறைகளுள் ஒன்று புகையிரதத் துறை. நாம் வாழும் பிரித்தானியாவே புகையிரதத்தின் தாயகம். எமது பிள்ளைகள் நாள்தோறும் அதிற் பயணஞ் செய்கின்றனர். ஆகவே அதன் பாதுகாப்பு எவ்வாறு கட்டியெழுப்பப்பட்டது என்பதை மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

புகையிரதத்தின் இயல்பு

புகையிரதம் புகை விடுவதை நிறுத்திப் பல காலமாயிற்று. ஆயினும் அப்பெயர் எம்மிடம் நிலைத்துவிட்டது. தொடருந்து என்னும் சொல்லும் இன்று வழக்கிலுள்ளது. பெயர் எதுவாயினும் அதன் இயல்பு ஒன்றே. உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தின் மேல் ஓடுகின்றது. இரண்டும் வழவழப்பானவை. உராய்வு குறைவாக இருப்பதனாலேயே நூற்றுக்கணக்கான தொன் நிறையைக் குறைந்த சக்தியுடன் இழுத்துச் செல்ல முடிகின்றது. அதே காரணத்தினால் அதனை விரைவில் நிறுத்த முடிவதில்லை. மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடும் வண்டி முற்றாக நிற்பதற்கு ஒரு மைலுக்கும் மேற்பட்ட தூரம் வேண்டும். மோட்டார் வண்டியின் சாரதி தடையைக் கண்டதும் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். புகையிரதச் சாரதிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கண்ணால் தடையைக் காணும் வேளையில் காலம் பெரும்பாலும் கடந்துவிடுகின்றது. எனவே இத்துறையிற் பாதுகாப்பு என்பது சாரதியின் கண்ணுக்கு எட்டாத தூரத்திலும், வண்டி புறப்படுவதற்கு நெடுநேரம் முன்னரும் தொடங்க வேண்டிய ஒன்றாகும். வருமுன் காத்தல் இங்கே அறிவுரையாக மட்டும் நின்றுவிடவில்லை. அஃது இயற்கை விதித்த கட்டளையாகவே உள்ளது.

ஒரு ஞாயிறு பள்ளியின் சுற்றுலா

1889 ஆம் ஆண்டு யூன் மாதம் 12 ஆம் நாள். அயர்லாந்தின் ஆமா நகரிலிருந்து ஒரு ஞாயிறு பள்ளியின் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 940 பேர் கடற்கரைக்குச் சுற்றுலா புறப்பட்டனர். எமது வார இறுதிப் பள்ளியின் சுற்றுலாவைப் போன்ற ஒரு மகிழ்ச்சியான பயணமே அது. பாரம் மிகுந்த அவ்வண்டி ஓர் ஏற்றத்தில் ஏறமுடியாது நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் இழுத்துச் செல்ல ஊழியர் தீர்மானித்தனர். பின்பகுதியில் இருந்தவை பத்துப் பெட்டிகள். அக்காலத்து அவ்வண்டியின் பிறேக்கு, இயந்திரத்துடன் தொடர்பு இருக்கும்வரை மட்டுமே வேலை செய்வது. பெட்டிகளைக் கழற்றியதும் அதன் பிடி அற்றுப்போயிற்று. கையால் இயக்கும் ஒரு பிறேக்கையும் சில்லுகளின் கீழ் வைத்த கற்களையும் நம்பி அப்பெட்டிகள் நிறுத்தப்பட்டன. முன்பகுதி சற்றே பின்வாங்கி இடித்ததும் கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு வண்டியுடன் மோதின. 80 பேர் இறந்தனர். அவர்களுட் பலர் சிறுவர்.

பின்னால் எப்படி ஒரு வண்டி வந்தது? முன்வண்டி சென்று குறித்த நிமிடங்கள் கழிந்ததும் அடுத்த வண்டியை அனுப்பும் முறையே அங்கு இருந்தது. முன்வண்டி அடுத்த பகுதியைக் கடந்துவிட்டதா என்று உறுதிசெய்யும் முறை அப்பாதையில் இருக்கவில்லை. அதே ஆண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே இருக்கலாம். பாதை மாற்றும் கருவியும் சமிக்ஞையும் ஒன்றுக்கொன்று முரண்படாதவாறு பிணைக்கப்பட வேண்டும். பயணிகள் வண்டியின் தொடர்பு அறுந்தால் பிறேக்குத் தானாகவே பிடிக்க வேண்டும். இம்மூன்றும் இன்றும் புகையிரதப் பாதுகாப்பின் அத்திவாரமாகும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தானாகப் பிடிக்கும் பிறேக்கு வேண்டுமென்று அரசாங்கப் பரிசோதகர்கள் அதற்குமுன் பல ஆண்டுகளாகச் சொல்லியே வந்தனர். அறிவு இருந்தது, கருவியும் இருந்தது. செவிசாய்ப்பதற்கு எண்பது உயிர்கள் விலையாயின. வெள்ளம் வந்தபின் அணை கோலும் இந்தப் பழக்கம் அத்துடன் மறைந்துவிடவில்லை என்பதே வருத்தத்திற்குரிய செய்தி.

ஒரு பழைய கம்பி

1988 டிசெம்பர் 12 ஆம் நாள் காலை, இலண்டன் கிளப்பம் சந்திக்கு அருகில் நின்ற வண்டியொன்றின் பின்புறத்தில் மற்றொரு வண்டி மோதியது. 35 பேர் இறந்தனர். சிவப்பைக் காட்டவேண்டிய சமிக்ஞை சிவப்பைக் காட்டவில்லை. இரு வாரங்களுக்கு முன் புதிய கம்பிகளை இணைத்த தொழில்நுட்பவியலாளர், பழைய கம்பியொன்றை வெட்டிக் கட்டாது விட்டிருந்தார். அது பின்னர் அசைந்து மின்தொடர்பை ஏற்படுத்திவிட்டது.

தவறு அவருடையது என்று கூறி வழக்கை முடித்திருக்கலாம். விசாரணை நடத்திய அந்தனி ஹிடன் அவ்வாறு செய்யவில்லை. அத்தொழிலாளி முந்திய பதின்மூன்று வாரங்களில் ஒரேயொரு நாள் மட்டுமே ஓய்வெடுத்திருந்தார் என்பதை அவர் வெளிக்கொணர்ந்தார். அவர் செய்த வேலையை வேறொருவர் எண்ணிச் சரிபார்க்கவில்லை என்பதும் தெரியவந்தது. களைத்த மனிதன் தவறு செய்வான் என்பது எல்லோரும் அறிந்த உண்மை. அத்தவறு உயிரைக் கொல்லும்வரை செல்ல விட்டது யார் என்பதே பெரிய வினா. அவ்விசாரணை 93 பரிந்துரைகளை வழங்கியது. வேலை நேரத்திற்கு வரம்பும், சோதனைக்குக் கடும் ஒழுங்கும் அதன் பின்னரே வந்தன.

எட்டு முறை எச்சரித்த விளக்கு

வருமுன் காத்தலின் அருமையை மிகத் தெளிவாகக் காட்டுவது 1999 ஒக்ரோபர் 5 ஆம் நாள் லாட்புறோக் குறோவில் நிகழ்ந்த விபத்தாகும். அன்று காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர் இலண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டியொன்று, சிவப்பைக் காட்டிய 109 ஆம் இலக்கச் சமிக்ஞையைக் கடந்து சென்று, எதிரே வந்த விரைவு வண்டியுடன் நேருக்கு நேர் மோதியது. இரண்டின் வேகத்தையும் கூட்டினால் மணிக்கு ஏறத்தாழ 130 மைல். எரிபொருள் தீப்பற்றியது. இரு சாரதிகள் உட்பட 31 பேர் மாண்டனர். நானூறுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

சிவப்பைக் கடந்த சாரதி வேலைக்குத் தகுதிபெற்று இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. அவருடைய பயிற்சியிலே குறைகள் இருந்தன என விசாரணை கண்டது. காலைச் சூரியன் அவருக்குப் பின்னால் தாழ்வாக நின்று சமிக்ஞை விளக்குகளின் மீது நேரே ஒளியை வீசியது. அச்சமிக்ஞையோ பாதையின் மேலே கட்டப்பட்ட சட்டகத்தில், மற்றக் கட்டுமானங்களால் மறைக்கப்பட்டு, இறுதிவரை தெளிவாகத் தெரியாத இடத்தில் இருந்தது. சாரதியை எச்சரிக்கும் ஒலிக்கருவி ஒன்று வண்டியில் இருந்தது. ஆனால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அது ஒரே ஒலியையே எழுப்புவது. நாளொன்றுக்குப் பலமுறை மஞ்சளுக்காக அழுத்தும் பொத்தானைச் சிவப்புக்கும் கை பழக்கத்தால் அழுத்திவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் விட நெஞ்சைச் சுடும் உண்மை ஒன்றுண்டு. அதே சமிக்ஞையை, அவ்விபத்துக்கு முந்திய ஆறு ஆண்டுகளில், வேறு சாரதிகள் எட்டு முறை சிவப்பிலே கடந்திருந்தனர்! அந்த எட்டு முறையும் எவரும் இறக்கவில்லை. எதிரே வண்டி வரவில்லை, அல்லது வண்டி உரிய நேரத்தில் நின்றுவிட்டது. ஆகவே ஒவ்வொரு முறையும் அது சாரதி ஒருவரின் கவனக்குறைவாகவே பெரிதும் நோக்கப்பட்டது. வெவ்வேறு மனிதர்கள் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்தால், தவறு மனிதரில் மட்டுமா இருக்கிறது, இடத்திலும் இருக்கிறதா என்று கேட்கவேண்டும் அல்லவா? வகுப்பிலே முப்பது மாணவருள் இருபத்தைந்து பேர் ஒரே கணக்கைப் பிழையாகச் செய்தால், ஆசிரியன் மாணவரைத் திட்டுமுன் தான் கற்பித்த முறையைத் திரும்பிப் பார்க்கவேண்டும். ஒரு புகையிரதக் கம்பனியின் பாதுகாப்புப் பொறுப்பதிகாரி இச்சமிக்ஞையைப் பற்றிக் கவலை தெரிவித்து 1998 இல் பாதைக்குப் பொறுப்பான நிறுவனத்திற்குக் கடிதமும் எழுதியிருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்தது, செயல் பிறக்கவில்லை.

அறிந்தும் செய்யாமை

அடுத்த ஆண்டே, 2000 ஒக்ரோபர் 17 இல், ஹற்பீல்ட் என்னுமிடத்தில் தண்டவாளம் நொறுங்கி விரைவு வண்டி தடம் புரண்டது. நால்வர் இறந்தனர். சில்லுகளின் இடையறாத அழுத்தத்தினால் தண்டவாளத்தின் விளிம்பில் மெல்லிய வெடிப்புகள் தோன்றி உள்ளே பரவியிருந்தன. அத்தண்டவாளம் மாற்றப்பட வேண்டியது என்பது முந்திய ஆண்டிலேயே தெரிந்திருந்தது. மாற்றுத் தண்டவாளமும் கொண்டுவரப்பட்டுப் பாதையருகே மாதக்கணக்கிற் கிடந்தது. மருந்தை வாங்கிவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு நோயாளியைச் சாகவிட்டதற்கு இஃது ஒப்பாகும். அதன்பின் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பல மாதங்கள் புகையிரத சேவையே நிலைகுலைந்தது. மாற்றாமல் விட்ட ஒரு தண்டவாளத்தின் விலை, மாற்றுவதற்குச் செலவாகும் பணத்தைவிடப் பன்மடங்கு பெரியதாயிற்று.

துளைகள் ஒரே நேர்கோட்டில் வரும்போது

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியற் பேராசிரியர் ஜேம்ஸ் றீசன் இத்தகைய விபத்துகளை விளக்க ஓர் எளிய உவமையைத் தந்தார். துளைகளுள்ள பாலாடைக்கட்டித் துண்டுகள் பலவற்றை வரிசையாக நிறுத்துக. ஒவ்வொரு துண்டும் ஒரு காப்பு. பயிற்சி ஒரு துண்டு. சமிக்ஞை ஒரு துண்டு. எச்சரிக்கை ஒலி ஒரு துண்டு. மேற்பார்வை ஒரு துண்டு. எந்தத் துண்டும் முழுமையானதன்று, ஒவ்வொன்றிலும் துளையுண்டு. ஒரு துண்டின் துளையை அடுத்த துண்டு மறைத்துக்கொள்கின்றது. எல்லாத் துண்டுகளின் துளைகளும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும் நாளிலேதான் விபத்து உட்புகுகின்றது. ஆகவே அறிவுடையோர் அந்த நாளுக்காகக் காத்திராது, ஒவ்வொரு துண்டிலும் உள்ள துளைகளை இன்றே தேடி அடைக்கின்றனர்.

இத்தேடலே இன்றைய பாதுகாப்பு முகாமையின் உயிர்நாடி. சிவப்பைக் கடந்த ஒவ்வொரு நிகழ்வும், எவருக்கும் கீறலே படாவிடினும், பதிவு செய்யப்பட்டு ஆராயப்படுகின்றது. சிவப்பைக் கடந்தாலோ, சிவப்பை நோக்கி மிகுந்த வேகத்துடன் வந்தாலோ வண்டியைத் தானாகவே நிறுத்தும் கருவி, 2003 ஆம் ஆண்டின் முடிவிற்குள் நாடெங்கும் முக்கிய இடங்களிற் பொருத்தப்பட்டது. ஓடிக்கொண்டே தண்டவாளத்தை அளந்து குறை காணும் மஞ்சள் நிற வண்டி 2003 இல் சேவைக்கு வந்தது. 2005 முதல் சுதந்திரமான புலனாய்வுக் கிளையொன்று செயற்படுகின்றது. எவர்மீது பழி சுமத்தலாம் என்று தேடுவது அதன் வேலையன்று. மீண்டும் நிகழாதிருக்க யாது செய்யலாம் என்று கூறுவதே அதன் கடமை. மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் அது ஆராய்கின்றது.

அச்சம் உண்மையை விழுங்கும்

இவையெல்லாம் இயந்திரங்களும் அமைப்புகளும் செய்வன. ஆனால் சிறு குறையை முதலிற் காண்பவன் பெரும்பாலும் பாதையில் நிற்கும் தொழிலாளியே. அவன் வாய் திறக்காவிடின் எந்தக் கருவியும் பயனற்றது. அவன் ஏன் வாய் திறப்பதில்லை? அச்சம். வேலை போய்விடுமோ, மேலாளர் சினப்பாரோ, தோழரைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேனோ என்னும் அச்சம். இதனை உணர்ந்தே ஸ்கொட்லாந்தில் 1996 இல், தொழிலாளர் தம் பெயரை வெளியிடாது பாதுகாப்புக் குறைகளை அறிவிக்கும் ஏற்பாடு ஒன்று தொடங்கப்பட்டது. லாட்புறோக் குறோவின் பின்னர் அது நாடு முழுவதற்கும் விரிந்தது.

அச்சம் என்ன செய்யும் என்பதற்கு யப்பானிலிருந்து ஒரு சான்று. ஒழுங்கிற்கும் நேரந்தவறாமைக்கும் பெயர்பெற்ற அந்நாட்டில், 2005 ஏப்ரல் 25 இல், அமகசாகி நகரில் ஒரு வண்டி வளைவிலே தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடமொன்றில் மோதியது. 23 வயதுச் சாரதி உட்பட 107 பேர் இறந்தனர். அவ்விளைஞர் முந்திய நிலையத்தில் வண்டியை நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்திவிட்டார். பின்னர் அதனைச் சரிசெய்ததில் ஒன்றரை நிமிடமளவில் தாமதம் ஏற்பட்டது. தவறிழைத்த சாரதிகளை நாட்கணக்கில் இருத்தி இழிவுபடுத்தும் "மறுபயிற்சி" அக்கம்பனியில் வழக்கமாக இருந்தது. அதற்கு அஞ்சி, தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லுமாறு நடத்துநரை அவர் கேட்டுக்கொண்டார். நடத்துநர் கட்டுப்பாட்டு அறைக்கு என்ன சொல்கின்றார் என்பதிலே அவருடைய சிந்தை இருந்தது. 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லவேண்டிய வளைவில் வண்டி 116 கிலோமீற்றர் வேகத்திற் புகுந்தது. தண்டனையின் கடுமை ஒழுக்கத்தை வளர்க்கவில்லை; உண்மையை ஒளிக்கச் செய்தது.

அதே யப்பானிடம் கற்கவேண்டிய நல்ல பழக்கமும் உண்டு. அந்நாட்டுச் சாரதிகள் சமிக்ஞையை வெறுமனே பார்த்துவிட்டுச் செல்வதில்லை. கையால் அதனைச் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுக் கூறுகின்றனர். கண், கை, வாய், செவி நான்கும் ஒன்றுசேரும்போது மனம் வேறெங்கும் அலைவதில்லை. 1994 இல் அங்கு நடத்தப்பட்ட பரிசோதனையொன்றில், இவ்வாறு செய்தோரின் தவறுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. பரீட்சை எழுதும் மாணவருக்கும் பயன்படக்கூடிய முறை இது.

முயற்சியின் பயன்

இம்முயற்சிகள் வீண்போகவில்லை. 2007 பெப்ரவரிக்குப் பின்னர் 2020 ஓகஸ்ட் வரை, பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, பிரித்தானியாவின் பிரதான புகையிரதப் பாதைகளில் வண்டி மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணியும் இறக்கவில்லை. ஆயினும் 2020 ஓகஸ்ட் 12 இல் ஸ்கொட்லாந்தின் கார்மொன்ற் என்னுமிடத்தில், பெருமழையில் வடிகாலொன்றிலிருந்து அடித்துவரப்பட்ட கற்களில் ஏறி வண்டி தடம் புரண்டு மூவர் இறந்தனர். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட அவ்வடிகால் வரைபடத்தின்படி கட்டப்படவில்லை. 2024 ஒக்ரோபரில் வேல்ஸில் இரு வண்டிகள் மோதி ஒரு பயணி உயிரிழந்தார். வழுக்கும் தண்டவாளத்தில் மணலைத் தூவவேண்டிய குழாய்கள் அடைபட்டிருந்ததைப் புலனாய்வாளர் கண்டனர். பாதுகாப்பு ஒருமுறை தேடி வைத்துவிடும் சொத்து அன்று. குடத்து நீரைப் போல அதனை நாள்தோறும் நிரப்பவேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு

2005 டிசெம்பர் 3 ஆம் நாள் எசெக்ஸ் மாவட்டத்தின் எல்சனம் நிலையத்தில், 13, 14 வயதுடைய இரு மாணவியர் கேம்பிரிஜ் செல்லும் வண்டியைப் பிடிப்பதற்காகப் பாதசாரிக் கடவையைக் கடந்தனர். சிவப்பு விளக்கு எரிந்தது, ஒலியும் கேட்டது. அவை தமது வண்டிக்காகவே என அவர்கள் எண்ணியிருக்கலாம். மறுதிசையிலிருந்து வந்த இன்னொரு வண்டி இருவரையும் பறித்துக்கொண்டது. அக்கடவையின் சிறு வாயில்கள் பூட்டப்படாதவை. வண்டி வரும்வேளையில் அவற்றைப் பூட்டும் ஏற்பாடு பற்றி 2002 ஆம் ஆண்டு மதிப்பீட்டு ஆவணமொன்றிற் கூறப்பட்டிருந்தது. அந்த ஆவணம் இருந்ததே பெற்றோருக்குப் பல ஆண்டுகள் தெரியவில்லை. பாதைக்குப் பொறுப்பான நிறுவனம் தன் குற்றத்தை ஏற்றுக்கொண்டது. 2012 இல் நீதிமன்றம் அதற்கு 10 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. அங்கு இன்று மேம்பாலமும் பூட்டும் வாயில்களும் உண்டு.

ஆகவே, பிள்ளைகளே, ஒரு வண்டி சென்றதும் பாதை வெறுமையாயிற்று என்று எண்ணாதீர்கள். விளக்கு இன்னும் சிவப்பாக எரிந்தால் இன்னொரு வண்டி வருகின்றது என்பதே அதன் பொருள். கடவையை அடைந்ததும் காதுக்கருவியைக் கழற்றிவிடுங்கள். கைத்தொலைபேசியைப் பையில் இடுங்கள். இலண்டனிலும் தென்னிங்கிலாந்திலும் பல பாதைகளில் தண்டவாளத்தை அடுத்து மூன்றாவதாக ஒரு தண்டவாளம் தெரியும். அதில் 750 வோல்ற் மின்சாரம் எந்நேரமும் ஓடுகின்றது. வண்டி வராத வேளையிலும் அது கொல்லும். மேலே செல்லும் கம்பிகளில் உள்ளது 25,000 வோல்ற். அதனைத் தொடவேண்டியதில்லை; நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். பந்தோ பையோ தொலைபேசியோ பாதையில் விழுந்தால் இறங்கவேண்டா; நிலைய ஊழியரிடம் கூறுங்கள். மேடையிலோ கடவையிலோ ஏதேனும் உடைந்திருக்கக் கண்டாலும் சொல்லுங்கள். "நான் சிறுவன், என் சொல்லை யார் கேட்பார்" என்று எண்ணவேண்டா. எட்டுச் சிறு செய்திகள் கேட்கப்படாமற் போனதன் விளைவை மேலே கண்டீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

புகையிரதத் துறை பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் எமது இல்லங்களுக்கும் பொருந்தும். பிள்ளை வந்து, "அப்பா, இன்று நான் சிவப்பு விளக்கில் ஓடிக் கடந்துவிட்டேன், வண்டி மிக அருகில் வந்துவிட்டது" என்று கூறினால், எமது கை உயரக்கூடும், நாவும் சுடக்கூடும். அன்று அடித்தால் மறுமுறை அவன் கடக்காமல் இருப்பான் என்பது உறுதியில்லை. மறுமுறை நம்மிடம் சொல்லாமல் இருப்பான் என்பது ஏறக்குறைய உறுதி. அவன் சொன்னமைக்காக முதலில் அவனைப் பாராட்டுவோம். பின்னர் ஏன் ஓட நேர்ந்தது என்று கேட்போம். வீட்டிலிருந்து பிந்திப் புறப்பட்டானா? பிந்தி வந்தால் ஏசுவோம் என்று அஞ்சினானா? காரணம் எமது வீட்டிலேயே இருக்கவுங் கூடும். உயிர் தப்பிய ஒவ்வொரு தவறும் இலவசமாகக் கிடைத்த பாடம். அதனைச் சொல்ல வந்த பிள்ளைக்கு எமது வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும்.